துணைக்கு வந்தவர்

"கண்ணை மூடுங்கம்மா. மூச்சை மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க. தூக்கம் வந்தா வரட்டும், என் குரல் மட்டும் கேட்டுக்கினே இருக்கும்..."

டாக்டர் மாசிலாமணியின் குரல் தாலாட்டு மாதிரி இறங்கியது. சாய்வு நாற்காலியில் கிடந்த ஜினமதி கண்ணை மூடினாள். மூடினாளே தவிர, இடது கண்ணை நூலளவு திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் இருந்த புருஷனைப் பார்த்தாள்.

ஜீவேந்திரனும் கண்ணை மூடி, அவளுக்குத் துணையாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வைத்தியமே அவருக்குத்தானே!

ஜீவேந்திரன் திண்டிவனம் - விழுப்புரம் தனியார் பஸ்ஸின் டிரைவர். எண்பத்தாறு தை மாதம், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கப்போய்ப் பஸ் புளியமரத்தில் மோதிவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. அதற்குப் பிறகும் நாலு மாதம் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். திடீரென்று ஒருநாள், "ஸ்டியரிங்கத் தொட்டா கை நடுங்குது மதி, இனிமே நம்மால ஆவாது" என்று வேலையை விட்டுவிட்டு, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எண்ணும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். நாலரை மணிக்கெல்லாம் வீடு.

ஆனால் தெருக்கோடியில் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய் அந்தப் பஸ் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்க ஜினமதிக்கு மனசு ஆறவில்லை. டாக்டர் என்று பேச்செடுத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீறினார். அதனால் பக்கத்து வீட்டு சவுரியம்மாள் சொன்ன இந்த விழுப்புரத்து டாக்டரை, அவருக்குத் தெரியாமல் அவளே முதலில் வந்து பார்த்தாள்.

வழி சொன்னவர் டாக்டர்தான். "நோயாளி நீங்கன்னே சொல்லிடுவோம்மா. அவரு துணைக்கு வரட்டும். உங்களுக்குச் சொல்ற மாதிரி அவருக்கும் சொல்லிடறேன்."

"எனக்கு என்ன சீக்குன்னு சொல்றது டாக்டர்?"

"வீட்டுக்காரர் வெளிய போயிட்டு வர்ற வரைக்கும் பயமா இருக்குன்னு சொல்லுங்களேன்."

ஜினமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஒரு சீக்கா? எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ளதுதானே!"

"இருந்துட்டுப் போவட்டும். நடிக்க சுலுவா இருக்கும்ல?" என்றார் டாக்டர்.

இப்போது அந்த நாடகம்தான் நடந்துகொண்டிருந்தது.

"அவரு பஸ் எடுத்துக்கினு போயிருக்காருன்னு நெனச்சுக்குங்க. இன்னும் வரல. என்னம்மா தோணுது?"

"எங்கியோ கவுந்துட்டுதுன்னு தோணுது." நடிப்பு அவளுக்கு நன்றாகவே வந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"கவுந்துதான் இருக்கணுமா? வேற என்னவா இருக்கலாம்?"

யோசித்தாள். "ரயில்வே கேட்டு மூடியிருக்கலாம்... டயரு பஞ்சர் ஆயிருக்கலாம்... மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டமா இருக்கலாம்..."

"பாத்தீங்களா? பயம் ஒண்ணத்தான் காட்டுது. மத்ததெல்லாம் அவரு வீட்டுக்கு வந்து சேர்ற கதையா இல்ல?"

ஜீவேந்திரனும் பலமாகத் தலையாட்டினார். மருந்து அவருக்குள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வீட்டுப்பாடமும் கொடுத்தார். ஜீவேந்திரன் மண்டி வேனை எடுத்துக்கொண்டு வாரா வாரம் கொஞ்சம் கூடுதல் தூரம் போய்வர வேண்டும். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, 'வேற என்னவா இருக்கலாம்' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அவருக்காகக் காத்திராமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும்.

"உனக்காவத்தான் போறேன்" என்று அவர் சாவியை எடுத்தபோது, ஜினமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலில் ஜக்காம்பேட்டை, பிறகு கூட்டேரிப்பட்டு, அப்புறம் விக்கிரவாண்டி. ஆவணி பிறந்ததும் மனுஷன் மறுபடி பஸ் எடுத்துவிட்டார்.

முதல் நாள். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்தால் சோற்றைத் தொடக் கூடாது. பஸ்ஸோ இருட்டின பிறகுதான் திரும்பும். அவர் கையோடு கொண்டுபோன சோற்றை விழுப்புரத்திலேயே சாப்பிட்டுவிடுவார். விபத்துக்குப் பிறகு அந்த நாலு மாதமும் இவளுக்குத்தான், அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாய் இறங்காது. பட்டினியாகவே படுத்துவிடுவாள். அதை அவள் பெரிதாக நினைத்ததே இல்லை.

இன்றும் தட்டில் சோற்றைப் போட்டதும் அந்தப் புளியமரம் கண்முன் வந்து நின்றது. கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். ரயில்வே கேட்டு, பஞ்சர், அமாவாசைக் கூட்டம். பழகிப்போன பாடம். மரம் மெல்ல விலகியது. சாப்பிட்டாள்.

இருட்டின பிறகு வந்த ஜீவேந்திரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "சாப்ட்டியா?"

"அப்பவே ஆச்சே, பொழுதோட."

அவர் நேராக அடுக்களைக்குள் போனார். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைத் தொட்டுப் பார்த்தார். பெரிய மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஐயோ, இன்னாங்க ஆச்சு? மறுபடியும் கை நடுங்குதா?"

அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். துளி ஆட்டமில்லை.

"இந்தக் கை என்னிக்குமே நடுங்கல மதி. ராத்திரி ராத்திரி பட்டினி கெடந்து நீ எளைச்சிக்கினு போனத என்னால பாக்க முடியல. உனக்குத்தான் வைத்தியம்னா நீ வருவியா? அதான் டாக்டரப் பாத்துப் பேசிட்டு, சவுரியம்மாக்காவ உங்கிட்ட அனுப்பி வெச்சேன்."