மத்தூரில் கிடைத்த நட்டு

ஒன்பதாவது நட்டும் இரண்டாம் சுற்றில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

ஆஞ்சப்பன் அதைக் கழற்றித் தகர டப்பாவில் எறிந்தான். மத்தூர் சந்தைப்பக்கம் லாரி ரிப்பேர் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். டப்பா நிறைய நட்டு வைத்திருந்தான். எல்லாம் இங்கிலீஷ் லாரி நட்டு. எங்கள் முதலாளியின் பழைய காரோ அமெரிக்காவில் செய்தது. இதன் மரை வேறு, அதன் மரை வேறு. முதல் சுற்று புது மாப்பிள்ளை மாதிரிப் பணிவாக ஏறும். அடுத்த சுற்றில் குணத்தைக் காட்டிவிடும்.

மத்தூருக்குள் நுழையும்போதுதான் ஸ்டீயரிங் கையோடு கழன்று வந்தது. நாலு பேர் பிடித்துத் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

பின் சீட்டில் காவேரி, தாய் செல்வம்மாளின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பிள்ளை பெற்று மூன்றாம் நாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். இன்னும் பதினைந்து மைல். காலை பஸ் போய்விட்டது. மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நட்டின் மரை தேய்ந்திருப்பது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் நான்தான். யாரை நோவது?

"கெடச்சுதா திம்மப்பா?" என்று செல்வம்மாள் இரண்டு தரம் கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. என்ன பொறுமை இந்த அம்மாளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது நட்டும் ஏறாதபோது ஆஞ்சப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான். சண்டை முடிந்து ஏலத்தில் வந்த அமெரிக்க மிலிட்டரி லாரி ஒன்று, எஞ்சின் இல்லாமல் சந்தைக்குப் பின்னால் கிடந்தது. அவன் ஓசூர்ப்பக்கத்துக்காரன், அவசரம் வந்தால் கன்னடம்தான் வரும். "பேகா, பேகா" என்று என்னை விரட்டிக்கொண்டு ஓடினான்.

அந்த லாரியின் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். சுத்தியலால் தட்டினோம். ஸ்பேனரில் இரண்டு பேரும் தொங்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. என் உள்ளங்கை கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து காரில் பொருத்தினேன். முதல் சுற்று ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது சுற்றில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசிவரை இறுக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். முன்சக்கரம் சொன்னபடி கேட்டது.

"ஆச்சுக்கா! ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி" என்று கத்தினேன்.

"வேணாம்ப்பா. புள்ளைக்குத் தேவலையாயிருச்சு. ஊருக்கே திருப்பு" என்றாள் செல்வம்மாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புகிற பைத்தியக்காரி உண்டா என்று கேட்க வாயெடுத்துத் திரும்பினேன்.

காவேரியின் கண்ணிமையில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் அசையவில்லை. செல்வம்மாள்தான் அதை விரட்டினாள். விரட்டிவிட்டு, முந்தானையை மகளின் நெற்றிவரை இழுத்துவிட்டாள். முகத்தை மூடவில்லை.

எப்போது போனாளோ. மூன்றாவது நட்டைத் திருகும்போதா? எட்டாவதின்போதா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லைக்கு வெளியே உயிர் போனால் உடம்பை எங்கள் ஊருக்குள் விடமாட்டார்கள். எல்லையிலிருந்து நேரே இடுகாடுதான். வீட்டு வாசல் கிடையாது, தலைமாட்டில் விளக்கு கிடையாது. பெற்ற பிள்ளையை ஒருதரம் பக்கத்தில் கிடத்தவும் முடியாது. செல்வம்மாள் ஏன் அழாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் பிணம் வந்தது முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்பதும் உறைத்தது.

"சரிக்கா. அலுங்காம ஓட்டறேன்" என்றேன்.

வழி முழுக்க அவள் மகளிடம் பேசிக்கொண்டே வந்தாள். சாலையில் போகிற வருகிறவர்கள் பார்க்கும்போது கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

எங்கள் ஊர் கல்லாவியின் எல்லையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் காவேரியின் புருஷன் கோவிந்தப்பன், குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கார் அதற்குள் திரும்பி வந்ததைப் பார்த்து அவன் முகம் வெளிறிவிட்டது.

எல்லோர் காதிலும் விழும்படி நான்தான் சொன்னேன். "காய்ச்சல் விட்டுருச்சுப்பா. அசந்து தூங்குது. எழுப்பாத."

கோவிந்தப்பன் சிரித்தான். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு என் பக்கத்துக் கார்ப் படியில் ஏறி நின்றான். அவள் விழித்துவிடக் கூடாதே என்று என் காதோரம் மெல்லப் பேசிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு நஞ்சம்மா பால் கொடுத்தாளாம், குழந்தை வயிறாரக் குடித்ததாம். பெயரைக் காவேரியே எழுந்து வைக்கட்டும் என்று இருக்கிறானாம்.

அவன் வீட்டுக்கு இன்னும் இரண்டு பர்லாங்குதான். நான் மெதுவாகவே ஓட்டினேன்.