பெயர் எழுதாத பாரம்

“டாக்டர், இதுலயும் ஒண்ணு விட்டுட்டீங்க.”

பேபியக்கா நியமனப் பாரத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். டாக்டர் தேவானந்தன் அதை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

கூப்பிடுகிற பெயர்தான் பேபி. ஜொகூரின் பத்து பாகாட் ஊரில் இருக்கும் அந்தக் கல்லூரியில் அவளுக்குப் பயப்படாத விரிவுரையாளர் கிடையாது. மானியத்தில் ஆராய்ச்சி செய்கிற யாராக இருந்தாலும், பாரம் அவள் கையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். ஒரே தடவையில் தாண்டியவர் இதுவரை இல்லை.

இன்று அவளுக்குக் கடைசி நாள். அறுபது வயது முடிந்துவிட்டது. மத்தியானம் கரிபாப்பும் கேக்கும் வைத்து வழியனுப்பினார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பிரிவுத் துயரமா, விட்டது தொல்லை என்ற சந்தோஷமா என்று பேபியக்காவுக்கே சந்தேகம்தான்.

“காலையில திட்ட எண் இல்லைன்னீங்க, போட்டேன். அப்புறம் வேலை விவரம் பத்தலைன்னீங்க, ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு வந்தேன். இப்ப என்னக்கா?”

“ஆளோட பேரு எங்க?”

தேவானந்தன் தலையைச் சொறிந்தார். “அதைக் கடைசியா எழுதிக்கலாம்னு…”

“பேரே இல்லாம ஆளை வேலைக்கு எடுக்கப் போறீங்களா? நல்லா இருக்கே கதை.”

பக்கத்து மேசையில் பிரவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து பேபியக்காவின் வேலையைப் பார்க்கப் போகிறவள் அவள்தான்.

ஆயர் ஈத்தாம் வட்டாரக் களிமண்ணில் குடிதண்ணீர் வடிகட்டி செய்வது தேவானந்தனின் ஆராய்ச்சி. மண்ணைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார். பாரத்தைக் கண்டால் மட்டும் எழுந்து ஓடிவிடுவார். போன வருடம் இரண்டு அறிக்கைகள் தாமதமாகப் போனதில், மானியம் கொடுக்கிறவர்கள் கடிதம் அனுப்பிவிட்டார்கள். இன்று ஐந்து மணிக்குள் இந்தத் திட்டத்துக்கு ஒரு நிர்வாக உதவியாளரை ஒப்பந்தத்தில் நியமிக்க வேண்டும். தவறினால் ஆராய்ச்சி அதோடு நின்றுவிடும்.

மணி நாலே கால் ஆகியிருந்தது.

பேபியக்கா வேலை விவரத்தை மறுபடியும் படித்தாள். “ஒவ்வொரு தாளையும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கணும். டாக்டரா இருந்தாலும் தயங்காம திட்டணும். இப்படியெல்லாமா எழுதுவாங்க? இதுக்கு ஏத்த ஆளு ஜொகூர்ல இருக்காங்களா?”

“ஒருத்தங்க இருக்காங்க.”

“லேடியா? உங்க வீட்டுக்காரம்மாவா?”

“ஐயோ, இல்லக்கா.”

“மச்சினிச்சியா?”

“சொந்தமே இல்லக்கா. ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க. அவங்க வந்தாதான் என் ஆராய்ச்சி பொழைக்கும்.”

“அப்ப பேரை எழுதறதுக்கு என்ன வெக்கம்?”

தேவானந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேபியக்காவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. யாரோ சொந்தக்காரப் பெண்தான். கடைசி நாளென்று அக்கா ஐந்துக்கு முன்பே கிளம்பிவிடுவாள், இந்தச் சின்னப் பெண் பிரவீனாவை ஏமாற்றிப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று மனிதர் காத்திருக்கிறார்.

“போற நாள்ல என் தலையில மிளகாய் அரைக்கிறீங்களா, டாக்டர்?”

“அலமாக், என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க?”

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வருத்தம் வந்தது. இந்த மனிதரை எவ்வளவு திட்டியிருப்பாள். அத்தனையும் பிடித்துப்போய்த் திட்டியதுதான். திங்கட்கிழமை காலையில் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு எங்கே போவது என்று ஒரு வாரமாக யோசிக்கிறாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. ஆனாலும் அதற்காகக் கடைசிப் பாரத்தில் கண்ணை மூடிக்கொள்ள அவளால் முடியாது.

“இங்க பாருங்க. இப்பவே, என் கண்ணு முன்னால எழுதுங்க. ஐசி அட்டையில இருக்கிற மாதிரி முழுப் பேரு, அப்பா பேரோட. ஒரு எழுத்து மாறினாலும் மேல போகாது.”

தேவானந்தன் பேனாவைத் திறந்தார். மறுபடியும் மூடினார்.

“அதுதான்க்கா பிரச்சினையே. ஐசியில என்ன பேருன்னு எனக்குத் தெரியாது.”

“ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்கன்னீங்களே?”

“பன்னெண்டு வருஷம் ஆச்சு. பேபியக்கா, பேபியக்கான்னு கூப்பிட்டே பழகிட்டேன். வேற யார்கிட்டயாவது விசாரிச்சா உங்க காதுக்கு வந்துடும், நேர்ல கேட்டா முடியாதுன்னுடுவீங்கன்னு காலையிலேர்ந்து பயந்துக்கிட்டு நிக்கிறேன்.”

பேபியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். அங்கம்மா, தகப்பனார் பெயர் காளியப்பன் என்று கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, பாரத்தைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தினாள்.

“என் பேரு இருக்கிற பாரத்தை நானே பார்க்கக் கூடாதுலா. நீ பாரு பிரவீனா. ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் டாக்டர்கிட்டயே திருப்பிக் குடுத்துடு.”