கண்ணாடி மூடியின் உள்பக்கம்

இரண்டு மருந்துகளை ஒரே படிகத்துக்குள் குடிவைப்பது எங்கள் வேலை. கரைசலைக் கலனில் ஊற்றி, மணிக்கு அரை டிகிரியாகக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். என் அக்கா கலனருகே நின்றவரை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அதே கலனின் மூடியில் சிக்கி அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவளுடைய கவனக்குறைவு என்று எழுதி மேனேஜர் அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். கைப்புண் புரையோடி, சென்ற மாதம் செத்துப்போனாள். அந்தப் பாவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் போனபின் பதினோரு முறை முயன்றோம். ஒன்றும் தேறவில்லை. நேற்று மாலை நானே மூடியின் திருகாணிகளை முடுக்கிவிட்டுப் போனேன். இன்று காலை கலனுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருந்தது.

"பாத்தியா? அவ இல்லன்னா வேலை நின்னுடுமா என்ன?" என்றார் மேனேஜர்.

"மூடியப் பாருங்க சார்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணாடி மூடியில் ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு கை துடைத்த தடம். மூன்றே விரல்கள்.

"எவன்டா இதுல கை வச்சது?"

கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். தடம் போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

நான் சொல்லவில்லை. அவர் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.