நடுவில் உட்கார்ந்தவர்

'நேர்முகத் தேர்வு' என்று ஒட்டியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன மறுநொடியே, நடு நாற்காலியில் இருந்த நரைமீசைக்காரர்தான் தேர்வுக் குழுத் தலைவர் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்காமல் என்ன? பழைய குழு ஓவியங்களில் யார் நடுவில் உட்காருகிறார்கள், யார் ஓரத்தில் ஒண்டுகிறார்கள் என்று ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டுதானே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறாள்!

நரைமீசைக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள். இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர், அந்தப் பக்கம் ஒரு அம்மா. அவர்களுக்குச் சின்னதாக ஆளுக்கொன்று.

"உட்காருங்கம்மா. என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் நரைமீசை.

கலை வரலாறு சொல்லித்தரும் கல்லூரிகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதினோரு வருடத் தற்காலிக வேலைக்குப் பிறகு இப்போதைக்கு இந்த ஒரு நிரந்தரப் பேராசிரியர் இடம்தான் கண்ணில் பட்டிருந்தது.

போன மூன்று தேர்விலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக் கோட்டை விட்டவள் அவள். "இந்தத் தடவையாவது வாயைத் திற. தெரிஞ்சதை எல்லாம் கொட்டிட்டு வா!" என்று காலையில் புருஷன் தலையில் அடித்துக்கொண்டு அனுப்பியிருந்தான்.

கொட்டினாள். இளங்கலை, முதுகலை, ஆய்வு, அருங்காட்சியகத்தில் தூசி தட்டிய இரண்டு வருடம், ஒன்று விடவில்லை.

"பாடம் எப்படி நடத்துவீங்க?" கண்ணாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல் வகுப்புல புத்தகமே கிடையாது சார். ஆளுக்கு ஒரு குடும்ப போட்டோ கொண்டுவரச் சொல்வேன். யார் நடுவுல நிக்கறாங்க, யார் தலை பாதி வெட்டுப்பட்டிருக்குன்னு பார்த்தாலே அந்த வீட்ல யாரோட ராஜ்ஜியம்னு தெரிஞ்சிடும். எங்க கல்யாண போட்டோவுல நடுவுல நிக்கறதே எங்க நாத்தனார்தான்!"

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, பிரமாதம்! கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று மடியில் இருந்த ஃபைலைத் திறந்தார். மற்ற இருவரும் தங்கள் ஃபைலைத் திறந்தார்கள்.

எழுதிக்கொள்கிறார்கள்! அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"ரெண்டாம் வருஷத்துக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"போலி ஓவியம் கண்டுபிடிக்கிறது. படத்தைத் திருப்பி முதுகைப் பார்க்கணும் சார். முன்பக்கம் எவ்வளவு வேணாலும் புளுகும், முதுகு புளுகாது."

வராந்தாவில் யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது. மூவரும் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையையும் புடவையையும் சரிசெய்துகொண்டார்கள். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் எத்தனை ஒழுங்கு என்று அவள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"இந்தத் துறையை வளர்க்க என்ன வழின்னு கேட்டா?" என்றார் நரைமீசை.

அதற்காக ஒரு வருடம் உட்கார்ந்து யோசித்து, பெற்ற தாயிடம்கூட மூச்சுவிடாமல் பொத்தி வைத்திருந்த எட்டுப் பக்கத் திட்டத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நரைமீசை அதைப் பக்கம் பக்கமாகத் தன் போனில் படம் எடுத்தார். மற்ற இருவருக்கும் அப்படியே அனுப்பியும் வைத்தார்.

"அபாரம்மா! நீங்க வந்தது எங்க அதிர்ஷ்டம்."

அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதை முதலில் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடியது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "ரிசல்ட் எப்ப சார் தெரியும்?" என்றாள்.

நரைமீசை ஃபைலை மூடிக்கொண்டு சொன்னார்:

"எங்க மூணு பேருக்கும் இன்டர்வியூ முடியட்டும்மா, அப்புறம்தான் உங்களையே உள்ள கூப்பிடுவாங்க!"