சுவரில் ஏழு பெயர்கள்

“ரெண்டு கிலோ அரிசி குடுக்கக்கூட உனக்கு மனசு வரலையா?” என்றார் கிடங்கு மேலாளர்.

பேக்கிங் பெண் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, “வரல,” என்றாள்.

இல்லாதவர்களுக்கு இலவசமாக மளிகை தரும் உணவு வங்கிக்கு, ஊழியர்களிடம் பொருள் சேர்ப்பது அவருடைய யோசனை. தலைமை அலுவலகம் பாராட்டிக் கடிதமே அனுப்பியிருந்தது.

“உன்னோட சேர்த்து ஏழு பேர் இன்னும் குடுக்கல. ஏழு பேரையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவேன்.”

அவள் கை நின்றது. “வேணாம் சார். என் பேரைச் சுவத்துல ஏத்தாதீங்க.”

“அப்ப குடு.”

“முடியாது. பேரை ஒட்டினீங்கன்னா என் மரியாதை போயிடும்.”

“பிசுநாறிக்கு ரோஷம் வேற.”

மதியமே ஒட்டிவிட்டார். மேலே ‘உணவு வங்கி’, கீழே ஏழு பெயர்கள். விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேறெதுவும் எழுதவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஒருத்தன் அவள் காதில் விழும்படியே சிரித்தான்.

மறுநாள் சேர்ந்த பெட்டிகளை எடுத்துப்போக உணவு வங்கி அம்மா வேனில் வந்தார். மேலாளர் சிரித்தபடி கையை நீட்டினார். அந்த அம்மா கண்டுகொள்ளவில்லை. நோட்டீஸ் போர்டையே பார்த்தவர், நேராகப் போய்த் தாளைக் கிழித்தெடுத்தார்.

“எங்ககிட்ட வாராவாரம் அரிசி வாங்குறவங்க பேரை நாங்க யாருக்கும் சொல்றதில்ல,” என்றார் அடிக்குரலில். “இந்த லிஸ்ட் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?”