ஊக்கு குத்திய செருப்பு

பழைய ரப்பரை உறையவைத்து அரைக்கும் ஆலையில், ஓடும் பெல்ட்டிலிருந்து இரும்பைப் பொறுக்குவதுதான் செங்கமலத்தின் வேலை. டயர்த் துண்டுகளுக்கு நடுவே அன்று ஓர் ஆண் செருப்பு வந்தது. அறுந்த வாரில் ஊக்கு குத்தி, அதன்மேல் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. அவள் சுற்றிய சுற்று. நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆடிப்பெருக்கன்று, தாலிக்கயிறு மாற்றிய கையோடு, கிளம்பி நின்ற புருஷன் அவசரப்படுத்தினான் என்று, ஆற்றில் விடவேண்டிய பழைய கயிற்றில் ஒரு துண்டை அவன் செருப்பில் சுற்றிவிட்டாள். போனவன் திரும்பவில்லை. கழுத்தில் கிடந்ததைக் காலில் போட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கிளவுஸைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தொட்டாள். மஞ்சள் ஈரமாக விரலில் ஒட்டியது.

"ஊக்கக் கழட்டிட்டு விடும்மா, மிஷின் நின்னுரும்," என்றார் ஆப்பரேட்டர் பாக்கியநாதன்.

அவளுக்குக் கை வரவில்லை. செருப்பு குளிர்க்குழாய்க்குள் போய்விட்டது. அதற்குள் போனது எதுவும் கண்ணாடிபோல் விறைத்துவிடும். லேசாகத் தட்டினாலே நொறுங்கும். மிஷின் நிற்கவில்லை. மறுமுனையில், மிஞ்சிய இரும்பை இழுக்கும் காந்தத்தின் கீழே கறுப்புக் குருணை கொட்டியது.

"காந்தத்துல ஊக்கு ஒட்டிருக்காண்ணே?"

"ஒண்ணும் ஒட்டலையே."

அப்போதுதான் அவள் கழுத்து சில்லிட்டது. தாலிக்கயிறு விறைத்து, தோலைவிட்டு விலகி நின்றது. அதிலிருந்து வெண்புகை எழுந்து மோவாயில் பட்டது.

"ஒன் கிளவுஸு கீழ கெடக்கு பாரு, எடும்மா," என்றார் பாக்கியநாதன்.

செங்கமலம் குனியாமல் நின்றாள்.