சுருங்கிய கம்பி

தோளில் கனத்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஆய்வகத்தில் நின்றாள் ரெஜினா. இந்தத் தடவையும் தவறினால் ஆய்வையே விட்டுவிடுவது என்று, இரவல் வாங்கிய புத்தகங்களையெல்லாம் திருப்பித்தரத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள்.

உருகாத செம்பும் தன் மேற்பரப்பைத் தோல்போல உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு எவ்வளவு? மெல்லிய கம்பிகளில் சின்னச் சின்ன எடைகளைக் கட்டி, உருகும் சூட்டுக்குச் சற்று முன்வரை காய்ச்சினால், கனத்த எடை தொங்கும் கம்பி நீளும், லேசான எடை தொங்குவது சுருங்கும். நடுவே ஏதோ ஓர் எடையில் கம்பி அப்படியே நிற்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற அந்த எடைதான் விடை.

ஆனால் அவளுக்கு இதுவரை எல்லாமே நீண்டன. சுருளிலிருந்து வெட்டிய கம்பியின் வளைவு சூட்டில் நிமிர்வதைத்தான் நீட்சியென்று அளந்துவந்தோம் என்பது போன வாரம்தான் உறைத்தது. இம்முறை முதலில் ஒரு தரம் காய்ச்சி நிமிரவிட்டு, அதன் பிறகே அளந்து தொங்கவிட்டிருந்தாள்.

உலை ஆறியதும், வழிகாட்டியான ஷாஹிதா மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"கனமானது நீண்டிருக்கு. லேசானது... ரெஜி, சுருங்கியிருக்கும்மா!"

"நடுவுல உள்ளது, மேடம்?"

"வச்சது வச்சபடி இருக்கு. நீயே வந்து பாரு."

குனிவதற்காகப் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். காலையிலிருந்து இழுபட்டுக் கிடந்த தோள், யாரும் தொடாமலே, மெல்ல மேலே ஏறியது.